சந்தனக் கோட்டுக்குக் கேன்சர் முகாம் இல்லை

கம்பெனி நர்ஸ் வேலை என்பது பிளாஸ்திரி ஒட்டுவதில் பாதி, ஒட்டிய பிளாஸ்திரி ஏன் பிய்ந்தது என்று திட்டு வாங்குவதில் மீதி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு கம்பெனியின் முதலுதவி அறையில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். தினமும் பொன்னேரியில் ரயிலேறி வருகிறேன். இத்தனை வருஷத்தில் ரத்தத்தைப் பார்த்து நான் அதிர்ந்ததில்லை. மனிதர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் அதிர்ந்து போயிருக்கிறேன். யாருக்காவது நல்லது சொல்லப் போய், "உங்க வேலையப் பாருங்க" என்று வாங்கிக் கட்டிக்கொண்டவர் நீங்கள் என்றால், வாருங்கள், நீங்களும் நம்ம ஆள்தான்.

இரண்டு விரல்

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் தேவராஜ் ஒரு நாள் நாஷ்டா முடித்த கையோடு வந்தார். காரம் பட்டால் வாய் எரிகிறதாம், ஒரு பி-காம்ப்ளெக்ஸ் வேண்டுமாம். வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தார். "இன்னும்" என்றேன். "அவ்ளோதான்" என்றார். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைக்கச் சொன்னேன். நமக்கெல்லாம் சாதாரணமாகப் போகும். நீங்களும் வேண்டுமானால் இப்போதே வைத்துப் பாருங்கள். அவருக்கு இரண்டாவது விரலே திணறியது. டார்ச் அடித்தால் கன்னத்தின் உட்பக்கம் வெளுத்துத் தோல் மாதிரி இறுகிக் கிடந்தது. ஓரத்தில் வெள்ளைத் திட்டு.

கதையைக் கேட்டேன். பீடி பிடித்தால் கேன்சர் வரும் என்று யாரோ சொன்னதால் பயந்து பீடியை விட்டிருக்கிறார். கம்பெனிக்குள் நெருப்புக் குச்சியும் கூடாது. அதனால் நெருப்பே இல்லாத வழியாக மாவாவுக்கு மாறிவிட்டார். ஆறு வருஷமாக, தூங்கும் நேரம் தவிர, கன்னத்துக்குள் பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் குடியிருக்கின்றன. கேன்சருக்குப் பயந்து கேன்சரின் வீட்டுக்கே குடி போன மனுஷன்! இது முற்றுவதற்குள் டாக்டரிடம் போக வேண்டும், மாவாவை இன்றோடு துப்ப வேண்டும் என்று கெஞ்சி, மிரட்டிச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். சீட்டை நாலாக மடித்து, மாவா பொட்டலம் இருந்த அதே பாக்கெட்டில் வைத்துக்கொண்டு சொன்னார்: "வாய் சின்னதாப் போனதுலருந்து ஊட்ல சண்டை கொறஞ்சிக்கீது சிஸ்டர். அதப் போயி பெருசு பண்ணச் சொல்றீங்களே!"

போர்டில் இன்னா எழுதுவது?

தேவராஜை மூன்று வாரம் துரத்தி டாக்டரிடம் அனுப்பினேன். அந்தச் சூடு ஆறுவதற்குள் மனிதவள அதிகாரியிடம் போய் நின்றேன். பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் முகாம் ஒன்று வைக்க வேண்டும் என்று கேட்டேன். வினிகர் மாதிரி ஒரு மருந்தை உள்ளே தடவி ஒரு நிமிஷம் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறினால் மேற்கொண்டு சோதிக்க வேண்டும். அவ்வளவுதான், வலி இல்லை. வருவதற்கு முன்பே கண்டுபிடித்து நிறுத்தக்கூடிய கேன்சர் இது, இதைக்கூட விட்டால் நாம் மனுஷர்களே இல்லை என்று பிரசங்கம் செய்தேன். அவர் நல்ல மனிதர், உடனே ஒத்துக்கொண்டார். நான் எழுதி வைத்திருந்த போர்டைப் பார்த்ததும்தான் முகம் மாறியது. "கேன்சர்னு போடாதீங்க சிஸ்டர், அன்னிக்கு ஆடிட் வர்றாங்க. மகளிர் நலம்னு போடுங்க. யாருக்கும் ஒண்ணும் புரியாது, பிரச்சினையே இல்ல."

முகாம் நாள்

எங்கள் கம்பெனியில் நிரந்தர ஊழியர்களுக்கு நீலக் கோட்டு, கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சந்தனக் கோட்டு. இரண்டு பேருக்கும் தலையில் ஒரே தொப்பி, முகத்தில் ஒரே மாஸ்க். உள்ளே செய்வதும் ஒரே மூடிதான். ஆனால் முகாம் லிஸ்ட்டில் நீலக் கோட்டுப் பெண்கள் மட்டும். கான்ட்ராக்ட் பெண்களைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வாராம். எனக்கும் அது அப்போது பெரிதாக உறைக்கவில்லை. லிஸ்ட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அடையாள அட்டையைப் பார்த்து, பேரை டிக் அடித்து, ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினேன். காலையில் சந்தனக் கோட்டில் மூன்று நாலு பேர் வந்து நின்றார்கள். "லிஸ்ட்ல பேர் இல்லம்மா, அடுத்த தபா பாக்கலாம்" என்று திருப்பி அனுப்பினேன். ஒழுங்காக வேலை செய்கிறோம் என்ற பெருமை வேறு.

லிஸ்ட்டில் பேர் இருந்தவர்களோ வரவே மாட்டேன் என்றார்கள். ஒருத்திக்கு வெட்கம், ஒருத்திக்குப் பயம், ஒருத்தி கழிவறையில் போய் ஒளிந்துகொண்டாள். சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு ஒருத்தி தானாக வந்தாள். அட்டையில் சுமதி என்று இருந்தது. அசெம்பிளி லைன் சுமதி என் அறைக்கு அதிகம் வந்ததில்லை. மாஸ்க்குக்கு மேல் இரண்டு கண்தான் தெரிந்தது. நான் கேட்கக் கேட்கப் பதில் சொன்னாள். மூன்று குழந்தைகள், குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிவிட்டது, மாதவிலக்கு இல்லாத நாளிலும் சில மாதமாக ரத்தம் படுகிறது. எல்லாவற்றையும் எழுதினேன். முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா சோதித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். மருந்து தடவிய இடம் வெள்ளையாக மாறியிருக்கிறது என்று அர்த்தம். பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, "சிஸ்டர் கூப்பிட்டுச் சொல்வாங்க" என்று மட்டும் அவளிடம் சொன்னார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவள் என்னிடம் இரண்டு முறை கேட்டாள்: "ஏதாச்சும் இருந்தா கூப்ட்டு சொல்லுவீங்க இல்ல சிஸ்டர்? மறந்துட மாட்டீங்களே?"

சுமதியின் பதில்

மறக்கவில்லை. மறுநாளே கூப்பிட்டேன். சுமதி வந்தாள். பயமுறுத்தாமல், பெரிய ஆஸ்பத்திரியில் இன்னொரு சோதனைக்குப் போய் வர வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த வாரம் கூப்பிட்டேன், லைன் ஓடுகிறது என்றாள். அதற்கடுத்த வாரம் என்னைப் பார்த்ததும் கேன்டீனில் வரிசையை விட்டே நழுவினாள். பயந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான், பதினோரு வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். என் அனுபவத்தின் மேல் எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

மூன்று வாரம் ஆனதும் பொறுக்க முடியவில்லை. அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். "உனக்கு விளையாட்டா இருக்கா? இது இப்போ சின்னதா இருக்கலாம், இன்னிக்கே எடுத்தா போயிடும். விட்டா உயிர் போயிடும். மூணு பிள்ளைங்கள யார் பாப்பா?" என்று கத்தினேன். சுமதியின் முகம் வெளிறிப்போயிற்று. "உயிர் போயிடுமா?" என்றாள். தனக்கு என்று கேட்பது போலவே இல்லை. என் கையிலிருந்த ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள். தனக்குக் கல்யாணமாகி நாலு வருஷமாகியும் இன்னும் ஒரு குழந்தைகூட இல்லை என்றாள். ஃபாரத்தில் மூன்று குழந்தைகள் என்று நானே எழுதியிருந்தேன். அப்புறம் சொன்னாள்: "பேருதான் சிஸ்டர் என்னுது. ஒடம்பு வேற ஆளுது."

சோழவரம் தாண்டி

அந்த உடம்புக்குப் பேர் எஸ்தர். பேக்கிங்கில் சந்தனக் கோட்டு. முகாம் நாளன்று சாப்பாட்டு நேரத்தில் கழிவறையில் வைத்து இருவரும் கோட்டை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சுமதிக்குச் சோதனைக்குப் போக வெட்கம், எஸ்தருக்குப் போகாமல் இருக்கப் பயம். இருவருக்கும் சௌகரியம் என்று அட்டை கை மாறியிருக்கிறது. எங்கள் கம்பெனியில் அட்டையை இன்னொருவருக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். அதனால் சுமதி வாயே திறக்கவில்லை. நான் சும்மா ஏதோ சீட்டு கொடுக்கக் கூப்பிடுகிறேன், நாலு நாள் நழுவினால் மறந்துவிடுவேன் என்று நினைத்தாளாம். அப்புறம் எஸ்தரிடம் சொல்லலாம் என்றாலும், முகாம் முடிந்த வாரமே கான்ட்ராக்டர் அவளை நிறுத்திவிட்டார். எஸ்தரிடம் இருந்தது வீட்டுக்காரரின் போன், அந்த எண் சுமதியிடம் இல்லை. கான்ட்ராக்டரிடம் கேட்டால், "நூறு பேரு வராங்க, நூறு பேரு போறாங்க, எந்த எஸ்தரு?" என்றார்.

எனக்கு வந்த பேஜாரைச் சொல்லி மாளாது. எங்கோ ஒரு பெண் தனக்குள் இருப்பது தெரியாமல் சோறாக்கிக்கொண்டிருக்கிறாள். அதைத் தெரிந்த நான், பேர் மாறிய ஒரு ஃபாரத்தை வைத்துக்கொண்டு முழிக்கிறேன். சோழவரம் தாண்டி, தண்ணீர்த் தொட்டிக்கு எதிரில் சின்ன சர்ச், அதன் பின் தெரு என்று சுமதிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஷேர் ஆட்டோ ஏறி, வழியில் இரண்டு தப்பான தண்ணீர்த் தொட்டிகளையும் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தேன். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். முழு முகத்தை நான் பார்த்ததில்லை, கண்ணைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தக் கண் என்னைக் கண்டுபிடித்துவிட்டது. ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன மகள் பின்னாலேயே வந்து அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்க, அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க கூப்புடவே இல்ல, அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லன்னு போன வாரம் சபையில எழுந்து நின்னு, கர்த்தருக்கு நன்றின்னு சாட்சி சொல்லிட்டேன் சிஸ்டர்."

ஆஸ்பத்திரி பெஞ்சு

அந்தச் சிரிப்பு இறங்குவதைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். என் வேலையில் அதைவிடக் கொடுமையான ஐந்து நிமிஷம் இல்லை. மறுநாள் லீவு போட்டு நானே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சீட்டு அவளுடைய சொந்தப் பேரில் போட்டோம். கவுண்டரில் "பேர்?" என்று கேட்டபோது அவள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வருகிற வரை எனக்கு ரயிலில் ஸ்டேஷன் பேர்கூடக் கண்ணில் படவில்லை. ஒரு நாள் கவரைப்பேட்டையிலேயே இறங்கிவிட்டேன்.

முடிவு வந்தது. இன்னும் கேன்சராக மாறவில்லை, அதற்கு முந்தின படியில் இருக்கிறது என்றார் டாக்டர். அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிட்டார்கள். சொன்ன தேதிக்கெல்லாம் வந்து காட்ட வேண்டும், விடவே கூடாது என்று நாலு முறை சொன்னார். இன்னும் ஓரிரு வருஷம் விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் எஸ்தரின் பக்கம் திரும்பி, மகளுக்கு என்ன வயசு என்று கேட்டார். மூத்தவள் ஏழாவது படிக்கிறாள் என்றதும், இந்தக் கேன்சர் வராமல் தடுக்க அந்த வயசிலேயே போடுகிற தடுப்பூசி இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் நான் அழுதுவிட்டேன். எஸ்தர்தான் எனக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நெஞ்சு லேசானதும் எனக்கு என் பழைய அதட்டல் திரும்பிவிட்டது. "இவ்ளோ ரத்தம் பட்டுச்சே, நேரா எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே? எதுக்கு அடுத்தவ கோட்டைப் போட்டுக்கினு வரணும்? மூணு வாரம் போச்சு, தெரியுமா?" என்றேன். அவள் கோபப்படவில்லை. கையிலிருந்த சீட்டை நீவிக்கொண்டே, குறை சொல்லும் தொனிகூட இல்லாமல் சொன்னாள்: "நேராத்தான் சிஸ்டர் வந்தேன். காலையில மொத ஆளா வந்தேன். லிஸ்ட்ல பேர் இல்லன்னு நீங்கதான் அனுப்புனீங்க. அதான் மத்தியானமா ஒரு பேர வாங்கிக்கினு வந்தேன்."

புகையிலை, பாக்கு, வெட்கம், பயம் என்று கேன்சரை வளர்க்கிற காரணங்களை இப்போதும் கேன்டீனில் நின்று வரிசையாகச் சொல்கிறேன், லிஸ்ட்டோடு வாசலில் நின்ற ஒரு நர்ஸையும் அந்த வரிசையில் சேர்த்து.