கிணற்று வழக்கும் ஓட்டும்

கடத்தூர்ப் பக்கம் எங்களுக்கும் பக்கத்துக் காட்டுக்காரருக்கும் ஒரே கிணறு. யார் எப்போது மோட்டார் போடுவது என்ற வழக்கு டெல்லி உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. கிணறு வற்றிவிட்டது. வழக்கு மட்டும் இருக்கிறது.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வேட்பாளர் வந்தார். ஆரத்தி எடுத்தார்கள். போர் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"அது இருக்கட்டுங்க. உச்ச நீதிமன்றத்துல எத்தனை ஜட்ஜுன்னு சட்டம் போடறது பார்லிமெண்ட்தானுங்களே? அங்க போனா அந்த எண்ணிக்கையைக் கூட்டுவீங்களா?" என்றேன்.

கூட வந்தவர் சிரித்தார். "ஜட்ஜுக்கா ஓட்டுப் போடறீங்க?"

"இல்லீங்க. அவங்களுக்கு நாற்காலி போடறவருக்கு."

வேட்பாளர் கும்பிட்டுவிட்டு எதிர்வீட்டுக்கு நகர்ந்தார். வழக்கு தொடங்கியதிலிருந்து என்னோடு பேசாத அந்தக் காட்டுக்காரர் தன் வாசலில் வழிமறித்தார்.

"அவருக்குப் பதில் சொல்லிட்டு எங்க வூட்டுக்கு வாங்க."