நான்கு அங்குலம்

எங்கள் பழைய பிக்அப் வண்டியின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அதை எந்தக் கராஜில் உடைத்து இரும்பு விலைக்குப் போட்டார்களோ தெரியாது. வண்டி போய்விட்டது, கோபம் போகவில்லை. என் பத்தாவது வயதில் அந்த வண்டியை முன்னிட்டு அப்பாவோடு பதினேழு நாள் பேசாமல் இருந்திருக்கிறேன். கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நாளுக்கொரு கோடு போட்டு வைத்திருந்ததால் எண்ணிக்கையில் பிழை இல்லை.

மாத்தளையிலிருந்து நாவுலைக்குப் போகும் ரோட்டில் இறங்கி, ஒரு மைல் தூரம் கல் பாதையில் ஏறினால் எங்கள் வீடு. அதைப் பாதை என்று சொல்வது மரியாதைக்காகத்தான். அப்பா தோட்டக்காரர்களிடம் மிளகும் கராம்பும் சாதிக்காயும் வாங்கி மாத்தளைக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். வாரத்தில் இரண்டு நாள் நாவுலைப் பக்கம் போவார். போகும்போது வெள்ளைச் சட்டை. திரும்பி வரும்போது சட்டையின் முதுகெல்லாம் கிரீஸும் தார்க்கறையும் மண்ணும். வண்டி அடிக்கடி வழியில் நின்றுவிடுகிறது, இவர் அடியில் படுத்துத் திருத்திக்கொண்டு வருகிறார் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அந்த வருஷத்து மழையில், மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்புக்கு மேலே எலும்பில் அடிபட்டது. மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் கிளினிக் போக வேண்டும். உடம்பு குலுங்கக் கூடாது என்றார் டொக்டர். எங்கள் பாதையை அவர் கண்ணால் கண்டிருந்தால் அந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டார். வண்டியின் வயிறு கல்லில் இடிக்கும் ஒவ்வொரு தரமும் அம்மா சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வார். பக்கத்தில் தலையணையோடு உட்கார்ந்திருக்கும் எனக்குக் கல்லின் மேலும் கோபம், வண்டியின் மேலும் கோபம்.

ஒரு கிளினிக் நாளில், வண்டியை உயர்த்திக் கட்டி நல்ல ஸ்பிரிங் போட்டால் அம்மாவுக்கு நோகாது என்று அப்பா சொன்னபோது, உலகத்திலேயே நல்ல மனிதர் எங்கள் அப்பாதான் என்று நினைத்தேன். அந்த எண்ணம் அன்று மத்தியானம் வரைக்கும் தாங்கியது.

மாத்தளையில் அப்பாவுக்குப் பழக்கமான கராஜ் ஒன்று இருந்தது. அதன் பாஸை எல்லாரும், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வேறு ஆட்களுக்காக உயர்த்தி வைத்த இரண்டு பிக்அப்புகள் அன்று அங்கே நின்றன. ஒன்று இரண்டு அங்குலம் உயர்த்தியது. புது ஷொக், இளகிய ஸ்பிரிங். மற்றது நான்கு அங்குலம். ஸ்பிரிங்கில் மேலதிகமாக ஒரு பட்டை சேர்த்து, அச்சுக்கு மேல் இரும்புக் கட்டை வைத்து விறைப்பாகத் தூக்கி நிறுத்தியது.

"ரெண்டு மாதிரி ஈக்கி. தங்கச்சி ஏறி உக்காந்து பாருங்க, ஒங்க முதுகே சொல்லும்" என்றார் நானா, அம்மாவைப் பார்த்து.

அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. பிளேன்டீ வரவழைத்து, கிளாஸ் நிறைய ஊற்றி வண்டியின் முன் தட்டில் வைத்தார். அம்மாவையும் என்னையும் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கராஜுக்குப் பின்னால் குண்டும் குழியுமாகக் கிடந்த ஒழுங்கையில் ஒரு சுற்று ஓட்டினார். இரண்டு அங்குல வண்டியில் தேநீர் விளிம்பு வரை வந்து வந்து உள்ளேயே அடங்கியது. அம்மா தலைப்பைக் கடிக்கவில்லை. பிறகு நான்கு அங்குல வண்டி. ஏணி இல்லாத குறை, அம்மாவைக் கையைப் பிடித்துத் தூக்கித்தான் ஏற்றினார்கள். முதல் குழியிலேயே பாதித் தேநீர் என் கவுனில் கொட்டியது. மீதிப் பாதி இரண்டாவது குழியில். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது.

இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? நான் இறங்கியதும் இரண்டு அங்குல வண்டியின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அம்மா இறங்கி, சேலையைச் சரிசெய்து, மூச்சு விட்டுக்கொண்டு நானாவிடம் சொன்னார்: "ஒசந்ததையே போட்டுருங்க நானா."

"ஒங்களுக்குத்தானே தங்கச்சி முதுகு..." என்று நானா இழுத்தார்.

"எனக்கு ரெண்டு தலகாணி போதும்."

அப்பா, "வேணாம், மெதுவானதையே போடுவோம்" என்றார். அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்பா ஒழுங்கைப் பக்கம் திரும்பிவிட்டார். அவ்வளவுதான். ஒரே ஒரு தரம் வேண்டாம் என்றதோடு அவர் கடமை முடிந்துவிட்டது. இரண்டாம் தரம் சொல்ல வாய் வலித்ததா? அம்மா எதையும் தனக்கென்று கேட்கிறவர் இல்லை என்று எனக்கே தெரியும், இவருக்குத் தெரியாதா? உயரமான வண்டியில் கடைத்தெருவுக்குள் போய் இறங்கும் ஆசை மனிதருக்கு, அதை அம்மா வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார் என்று நான் கண்டுபிடித்தேன். நனைந்த கவுனோடு வீடு வந்து முதல் கோட்டைப் போட்டேன்.

சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்ததால் வேலை தள்ளிப்போனது. அதற்குள் முத்துமாரியம்மன் கோயில் தேர் வந்தது. தேரன்றைக்கு மத்தியானச் சாப்பாடு மாத்தளையில் அப்பாவின் அக்கா வீட்டில். சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக இலையில் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பருப்பு ஊற்றிக்கொண்டே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி என்னை வம்புக்கு இழுத்தார். "என்னாடி, அப்பாகூடப் பேச்சுவார்த்தை இல்லையாமே?"

நான் இந்தக் கேள்விக்காகத்தான் ஒரு வாரமாகக் காத்திருந்தேன். எழுந்து நின்றே சொன்னேன். "அம்மாவுக்கு நோவும்னு தெரிஞ்சும் அந்த ஒசந்ததத்தான் போடப் போறாரு, அத்தை. அவருக்கு வண்டி ஒசரமா இருந்தாப் போதும்." சிலர் சிரித்தார்கள். சிரிப்பைக் கேட்டதும் எனக்கு இன்னும் தைரியம் வந்தது. "வாராவாரம் ரோட்டுல உருண்டுட்டு வந்த மாதிரி முதுகு பூரா கிரீஸப் பூசிக்கிட்டு வர்றாரு. அதையும் அம்மாதான் குனிஞ்சு துவைக்கணும்."

இரண்டாவது பேச்சு முடிந்ததும் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தது அப்பா இல்லை, அம்மா. முதுகு நோவோடு அவ்வளவு வேகமாக எப்படி எழுந்து வந்தார் என்று இன்றைக்கும் தெரியவில்லை. வாழ்க்கையில் அவர் என்னை அடித்தது அந்த ஒரே தரம். அப்பா இலையைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், பிசைந்ததை வாயில் வைக்கவில்லை.

யாருக்காக வாதாடினேனோ அவரே என்னை அடித்துவிட்டார். இப்படி ஓர் அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது? தேர் வீதி சுற்றி வந்தபோது அம்மனைப் பார்த்துக்கூட நான் கும்பிடவில்லை. அவரும் பெரியவர்கள் கட்சிதானே.

பதினேழாவது நாள் காலையில் புது உயரத்தோடு வண்டி முற்றத்தில் நின்றது. அப்பா நாவுலைக்குப் புறப்பட்டார். அம்மா, தானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். கிளினிக்கோ மாத்தளையில், நாவுலையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. நாவுலைப் பக்கமே கால் வைக்க மாட்டேன் என்று ஒரு வருஷமாக இருந்தவர் அவர். கோபத்தோடு இரண்டு தலையணைகளையும் தூக்கிக்கொண்டு நானும் ஏறினேன்.

வழியில் ஆமிக்காரர்களின் சோதனைச் சாவடி. ஒருவன் வந்து அப்பாவின் அடையாள அட்டையை வாங்கிப் பெயரைப் படித்தான். பிறகு பக்கவாட்டில் போய்க் குந்தி உட்கார்ந்து, டோர்ச் அடித்து வண்டிக்கு அடியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். எழுந்து கையைத் தட்டிவிட்டு, "ஹரி, யன்ன" என்றான். சரி, போங்கள் என்று அர்த்தம். அப்பா இறங்கவே இல்லை.

வண்டி நகர்ந்ததும் அம்மா சிரித்தார். அடுத்த குழியில் தூக்கிப்போட்டது, நோவில் கண்ணில் தண்ணீர் வந்தது, அப்போதும் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "மெதுவா ஓட்டுங்க" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன். பதினேழு நாளுக்குப் பிறகு அவரிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

யுத்தம் முடிந்து, அப்பாவும் காலமான பிறகு, நானும் என் வீட்டுக்காரரும் ஒரு வண்டி வாங்கப் போனோம். எது குலுங்காது என்று அவர் ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கட்டும் என்று பிளேன்டீக் கதையைச் சொன்னேன். கூட வந்திருந்த அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப நம்ம வண்டி தாழ்வு. குனிஞ்சு பாத்தா அடியில ஒண்ணும் தெரியாது" என்றார். "சாவடியில தமிழ்ப் பேரப் பாத்துட்டு, ஒங்கப்பாவ ரோட்டுல மல்லாக்கப் படுத்து அடியில போயி ஒவ்வொண்ணாத் தட்டிக் காட்டச் சொல்லுவானுங்க. முன்னால போன மூணு லொறிக்கும் கையக் காட்டி விட்டுட்டு இவர மட்டும். ஒரு எழவு வீட்டுக்குப் போறப்ப என் கண்ணாலயே பாத்தேன். அம்பது வயசு மனுசன். வெளிய வந்து, ஒண்ணுமில்லன்னு எனக்குச் சொல்றாரு. என் முதுகு நோவு படுத்தாப் போயிரும்டி. அது போவுமா?"

அந்தச் சாவடிக்குச் சேர வேண்டிய கோபம் முழுவதையும், ஒரு துளி மிச்சம் வைக்காமல், நிறைந்த பந்தியில் அப்பாவின் தலையில் கொட்டியிருக்கிறேன். ரோட்டில் உருண்டுவிட்டு வருகிறார் என்று ஊரைக் கூட்டிச் சொன்னது நான். அவர் இருந்தவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. சொல்லித் திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பதினேழாவது நாள், நாவுலையிலிருந்து திரும்பி வந்ததும் அம்மா, படுக்கக்கூடப் போகாமல், அப்பா கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துக்கொண்டு முற்றத்து வெயிலில் போய் நின்றார். மற்றத் துணியெல்லாம் வேலைக்கு வரும் அக்கா துவைப்பார், அந்தச் சட்டையை மட்டும் அம்மா யாருக்கும் கொடுத்ததில்லை. அதன் முதுகுப் பக்கத்தை விரித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தடவியும் பார்த்தார். ஒரு கறையும் இல்லாத சட்டையில் இந்த மனுஷி இவ்வளவு நேரம் எதைத்தான் தேடுகிறார் என்று, கையில் தலையணையோடு வாசலில் நின்ற எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.