பார்த்தால் ஆடும் கரடி

யாராவது பார்த்தால் அந்தக் கரடி எழுந்து நின்று ஆடும். பார்வையை எடுத்துவிட்டால் நிறுத்திவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சாமியம்மாளுக்கு இரண்டு நாள் ஆனது.

1987 செப்டம்பரில் ஒரு வாரம் சாலைகள் செத்துக் கிடந்தன. இடஒதுக்கீடு கேட்டு மறியல். கள்ளக்குறிச்சியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் புளியமரங்கள் சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை. வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப்பும் இல்லை. மலையடிவாரத்தில் ஊர்ப் பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டுக் கட்டிக்கொண்டிருந்த விலங்குக் காட்சிச்சாலையில் வேலை அப்படியே நின்றுபோனது. கொத்தனார்கள் வரவில்லை. படம் போட்டுக் கொடுத்த பட்டணத்து இன்ஜினியரும் வரவில்லை. சிமெண்ட் மூட்டைகளும் பாதி கட்டிய கரடிக் குகையும் மட்டும் இருந்தன. மறியலுக்கு முந்தின நாள் லாரியில் வந்து இறங்கிய கரடியும் இருந்தது. சாமியம்மாள் இருந்தாள், ஏனென்றால் அவளுக்குப் போக வழியில்லை.

மலைமேல் பிறந்தவள் அவள். அவள் அப்பன், மலை ஜாகீர்தார்களுக்குச் சொந்தமாக இருந்த காலத்தில் அவர்களுக்குக் கூலியில்லாமல் சுமை தூக்கியவர். கோமுகி அணை கட்டும்போது பதினாறு வயதில் மண் சுமக்கக் கீழே இறங்கினாள், அதன் பிறகு திரும்பி ஏறவில்லை. இருபத்துச் சொச்சம் வருஷம் சித்தாள். சேலைமேல் ஆம்பளைச் சட்டை, தலையில் சும்மாடு. காட்சிச்சாலையில் பாறை செய்யப் பட்டணத்திலிருந்து வந்த ஆள் கம்பி வளைத்து, கோழிவலை கட்டி, அதன்மேல் சிமெண்ட் அப்பிக் காட்டியபோது அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"இன்னாய்யா இது, இட்லி அடுக்கி வெச்ச மாதிரி?"

அன்றைக்கே நனைந்த கோணிச் சாக்கைச் சுருட்டி, ஈரச் சிமெண்டின்மேல் அழுத்தி எடுத்தாள். பாறையின் சொரசொரப்பு வந்துவிட்டது. கரியும் செம்மண்ணும் கரைத்து வழியவிட்டாள். நூறு மழை பார்த்த கல் மாதிரி ஆகிவிட்டது. பட்டணத்து ஆள் இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்பிவிட்டான். அதற்குப் பிறகு அங்கே இருந்த ஒவ்வொரு பாறையும் அவள் கைப்பட்டது. பேரேட்டில் மட்டும் கடைசி வரைக்கும் சித்தாள்.

கரடியைப் பார்த்துக்கொள்ள வந்தவர் பொன்னுரங்கம். ரிஷிவந்தியம் பக்கத்துச் சின்ன விவசாயி. மறியலுக்குக் கிளம்பும்போது ஒரு வாளி கேழ்வரகுக் களியையும் இரும்பறைச் சாவியையும் அவள் கையில் கொடுத்தார்.

"நாலு நாள் பாத்துக்கோம்மே. எங்க ஜனத்துக்கு ஒரு பங்கு கேட்டு உக்காரப் போறோம். நான் போவலன்னா ஊருல மூஞ்சி காட்ட முடியாது. உங்களுக்கு இன்னா, மலைக்காரங்க, உங்களுக்குத்தான் எப்பவோ குடுத்துட்டானே."

"குடுத்தானுங்க. காயிதத்துல இருக்குது. அந்தக் காயிதத்த நம்ம கையில குடுக்கத்தான் ஆளு இல்ல."

பொன்னுரங்கம் சிரிக்கவில்லை. அவருக்கு விஷயம் தெரியும்.

சாமியம்மாளின் மகள் ஆண்டாள் திருக்கோவிலூரில் விடுதியில் தங்கிப் பன்னிரண்டாவது முடித்தவள். நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதிக்குள் பழங்குடிச் சான்றிதழைக் கொடுத்தால்தான் அந்த இடம் நிற்கும். சாமியம்மாள் மூன்று முறை அலைந்தாள். மூன்றாவது முறை கையெழுத்துப் போடும் அதிகாரி அவளை நிற்கவைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"நீ மலைக்காரி மாதிரியே இல்லியே. சட்டை போட்டிருக்கே. செருப்பு போட்டிருக்கே. பேச்சும் இந்த ஊர்ப் பேச்சு."

அவள் தன் ஊர் சொன்னாள், சாமி சொன்னாள், கல்யாண முறை சொன்னாள்.

"இதெல்லாம் யாரு வேணா மனப்பாடம் பண்ணிச் சொல்லலாம். பாத்தா தெரியணும்."

ஒரு சட்டம் எழுதப்படுகிறது. அது ஒரு மேசைக்கு வந்து சேர்கிறது. மேசைக்குப் பின்னால் இருப்பவனின் கண்ணுக்கு ஒருத்தி எப்படித் தெரிகிறாள் என்பதில் அந்தச் சட்டம் முடிந்துபோகிறது. சாமியம்மாளுக்கு இப்படியெல்லாம் சொல்லத் தெரியாது. அந்த மேசைக்கு முன்னால் நின்றபோது உள்ளங்கால் கூசியது. அது மட்டும் தெரியும்.

மறியல் வாரத்தில் அவ்வளவு பெரிய வளாகத்தில் அவளும் கரடியும் மட்டும். காக்கையைத் தவிர சத்தம் இல்லை. களியை உருட்டிக் கம்பி வழியாகப் போட்டாள். கரடி தின்னவில்லை. அவளைப் பார்த்தது, பின்னங்காலில் எழுந்தது, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடத் தொடங்கியது. மூக்கில் கயிறு கோத்த ஓட்டை இருந்தது. வித்தைக்காரனிடம் பத்து வருஷம் இருந்ததாம், பிடித்துக்கொண்டுவந்து இங்கே விட்டிருந்தார்கள். கயிறு இல்லை, உடுக்கை இல்லை, வித்தைக்காரன் இல்லை. ஆனாலும் ஆடியது. வாயில் நுரை வந்தது. நிறுத்தவில்லை.

முதலில் கரடிமேல் ஏதோ சாமி ஏறியிருக்கிறது என்று நினைத்தாள். இரண்டாம் நாள் சிமெண்ட் குழைக்கத் திரும்பினாள், தொப்பென்று கரடி உட்காரும் சத்தம். திரும்பிப் பார்த்தாள், எழுந்துவிட்டது. முதுகைக் காட்டினாள், உட்கார்ந்தது. அரைநாள் இப்படி. கடைசியில் ஒரு சாக்கைக் கம்பியில் தொங்கவிட்டு மறைத்தாள். கொஞ்ச நேரத்தில் களியை நக்கும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் வேறொரு சத்தம். கரடி தன் உள்ளங்காலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு ம்ம்ம்ம் என்று ஒரே சுதியில் முனகியது. தாய் மடியில் கிடக்கும் குட்டி எழுப்பும் சத்தம் அது. மலையில் பாறை இடுக்கில் கேட்டிருக்கிறாள்.

கரடியை அடைத்திருந்த அறையை ஒட்டித்தான் குகை. அவள் உள்ளே குந்திக் கம்பி கட்டும்போது அந்த முனகல் சுவர் வழியாக வந்து சிமெண்ட் வளைவுக்குள் சுற்றியது. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியாது. சில நேரம் தன் வயிற்றிலிருந்தே வருவது போல இருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றில் கைவைத்துப் பார்ப்பாள்.

இன்ஜினியர் போட்ட படத்தில் குகை ஆழமில்லாமல் இருந்தது. ஒரு வளைவு, பின்னால் சுவர், அவ்வளவுதான். எங்கே படுத்தாலும் கரடி ஜனங்களுக்குத் தெரியவேண்டும் என்று கமிட்டித் தலைவர் தங்கதுரை திருப்பித் திருப்பிச் சொல்லியிருந்தார். ஆனால் மலையில் அவள் பார்த்த எந்தக் கரடிப் பொந்தும் நேராக இருந்ததில்லை. நாலடி போய் ஒரு முடக்கு திரும்பும். காற்று நுழையாது, கண்ணும் நுழையாது. பாறை செய்யச் சொன்னால் அவள் கை அந்தப் பாறையைத்தான் செய்யும். யாரும் பார்க்காத அந்த ஒரு வாரத்தில் பின்சுவரை அறைவரைக்கும் பின்னுக்கு இழுத்துக் கட்டினாள், இடது கைப்பக்கம் ஒரு முடக்கு வைத்தாள். முடக்குக்கு அப்பால் ஒரு கரடி சுருண்டு படுக்கிற அளவுக்கு இருட்டு.

மறியல் முடிந்து சாலை திறந்ததும் தங்கதுரை காரில் வந்தார். கரும்புத் தோட்டக்காரர், வெள்ளை வேட்டி. குகையை வெளியே நின்று பார்த்தார், வாசல் பார்க்க நன்றாக இருந்தது. உள்ளே குனிந்து பார்க்கும் உடம்பு அவருக்கு இல்லை.

"ஜோரா இருக்குது சாமியம்மா. இன்னொரு வேலை இருக்குது. கரடிக்குப் பக்கத்துல ஒரு மலைவாசிக் குடிசை போடு. முன்பக்கச் சுவரு வேணாம், உள்ள தெரியணும். தொறப்பு விழா அன்னிக்கு நீயே உள்ள குந்திக்கோ. அந்தக் காலத்துச் சேலைக்கட்டு கட்டிக்கினு, பாசிமணி போட்டுக்கினு, திருகையில அரைச்சிக்கினு இரு."

"நான் எதுக்குங்க?"

"அட, கேளு. விழாவுக்கு யாரு வராரு தெரியுமா? உன் பொண்ணு காயிதத்துல கையெழுத்துப் போடுறவருதான். நேத்தே பேசிட்டேன். பாத்தா தெரியணும்னாரில்ல? பாக்கட்டும். அங்கியே கையெழுத்துப் போட்டுடுவாரு."

விழா அக்டோபர் இருபத்தெட்டு. கெடுவுக்கு மூன்று நாள் முன்னால். அவள் குடிசையைப் போட்டாள். மண் சுவர், புல் கூரை. கரடிக்குப் போட்ட அதே அகழி குடிசைக்கு முன்னாலும் நீண்டது. அதே கைப்பிடிச் சுவரில் நின்றுதான் ஜனங்கள் இரண்டையும் பார்க்கவேண்டும். பின்சுவரில் மட்டும் சொல்லாமல் ஒரு சின்ன வாசல் விட்டாள்.

விழா அன்றைக்குக் கள்ளக்குறிச்சியே திரண்டு வந்ததுபோல் கூட்டம். அதிகாரி நாடாவை வெட்டினார். பொன்னுரங்கம் இரும்புக் கதவைத் தூக்கினார். கரடி வெளியே வந்தது, அத்தனை முகங்களையும் பார்த்தது, எழுந்து இரண்டு ஆட்டம் ஆடியது. கூட்டம் கை தட்டியது. உடனே அது நாலு காலில் விழுந்து குகைக்குள் ஓடி, இடது பக்கம் திரும்பி, காணாமல் போனது.

"எங்கய்யா கரடி?"

"உள்ளதான் போச்சி."

"உள்ள இல்லியே! நான் சுவரு வரைக்கும் பாக்குறேன், சும்மா இருட்டுதான் இருக்குது!"

கல்லெறிந்தார்கள், விசிலடித்தார்கள். இருட்டு அசையவில்லை. ஏமாந்த கூட்டம் அப்படியே இரண்டு எட்டு நகர்ந்து குடிசைக்கு முன்னால் வந்து நின்றது.

உள்ளே பாசிமணி போட்டுக்கொண்டு, திருகைக்கு முன்னால் சாமியம்மாள் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். முதலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "டேய், நெசமான ஆளுடா." "பொம்மைடா, அசையல பாரு." அப்புறம் பேச்சு நின்றுவிட்டது. அந்த அமைதி மோசமாக இருந்தது. நிமிர்ந்தாள். சுவர் நீளத்துக்கும் கண்கள். நடுவில் அதிகாரி, தலையை ஒரு பக்கம் சாய்த்துத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்காகவோ காத்திருக்கும் கண்கள். தன் கை நகர்வதை அவள் அப்போதுதான் கவனித்தாள். திருகையைச் சுற்றிக்கொண்டிருந்தது. குழியில் ஒரு மணி கேழ்வரகுகூட இல்லை. கல்லைக் கல் தேய்த்துக்கொண்டிருந்தது. கையை நிறுத்தினாள். கை நின்றது, உடம்பு நிற்கவில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

சுவருக்குப் பின்னாலிருந்து ம்ம்ம்ம் என்ற முனகல் வந்தது.

பாசிமணியைக் கழற்றித் திருகைமேல் வைத்தாள். எழுந்து பின்வாசலில் குனிந்து வெளியே போனாள். தீனி கொண்டுபோகும் சந்தில் அவள் சட்டை தொங்கியது. சேலையை இழுத்துக் கட்டி, சட்டையைப் போட்டுக்கொண்டு, சுற்றிவந்து கூட்டத்தில் நுழைந்தாள். யாரும் வழிவிடவில்லை, யாருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை. அதிகாரியின் பக்கத்தில் போய் நின்று, எல்லாரையும்போல அவளும் காலிக் குடிசையைப் பார்த்தாள்.

"எங்க போச்சி அது?" என்று அதிகாரி அவளையே கேட்டார்.

"இங்கதாங்க இருக்கேன்." மடியிலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள்.

அவர் படிவத்தைப் பார்த்தார், குடிசையைப் பார்த்தார், அவள் சட்டையைப் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம். பொய்யான குழப்பம் இல்லை, நிஜமாகவே அவரால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

"அங்க இருந்தப்போ நல்லாத் தெரிஞ்சுதே."

"நான்தாங்க அது."

தங்கதுரை வியர்த்துக்கொண்டு ஓடிவந்தார். "இன்னாம்மே பண்ற? போயி உள்ள குந்து. ஐயா பேனாவ எடுத்துட்டாரு பாரு."

நிஜமாகவே பேனா கையில் இருந்தது. மூடி கழற்றியிருந்தது. ஆண்டாளின் மூன்று வருஷப் படிப்பும் அதற்கப்புறம் வரப்போகிற வாழ்வும் அந்தப் பேனா முள்ளின் முனையில் நின்றன. அகழியைச் சுற்றிக் குடிசைக்குத் திரும்ப இருபது எட்டு. சாமியம்மாள் குகைப் பக்கம் திரும்பினாள்.

"கரடி வெளிய வரட்டுங்க. வந்தா நானும் போறேன்."

"இன்னா திமிரு!" என்றார் தங்கதுரை. ஆனால் அதிகாரி குகையைப் பார்த்தார். அவர் பார்த்ததும் எல்லாரும் பார்த்தார்கள். நானூறு ஐந்நூறு பேர் ஓர் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முனகல் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. ஒரு பெண் விபூதியை எடுத்து நெற்றியில் இட்டுக்கொண்டாள். ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். அதிகாரி பேனாவை மூடினார், ஜீப் ஏறினார்.

கெடு போயிற்று. அந்த வருஷம் ஆண்டாளுக்குப் போயிற்று. "உனக்கு ரோசம், எனக்கு ஒரு வருசம்" என்று மகள் நான்கு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

குகையில் பேய் இருக்கிறது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. முடக்கை இடிக்கச் சொல்லித் தங்கதுரை இரண்டு கொத்தனார்களை அனுப்பினார். முனகலைக் கேட்டதும் கடப்பாரையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பேயுமில்லை, பிசாசுமில்லை. யாரும் பார்க்காத இடத்தில் ஓர் உயிர் தன்பாட்டில் இருக்கும் சத்தம் அது. அதைக் கேட்டுப் பழக்கமில்லாத ஜனம் அதற்குப் பேய் என்று பெயர் வைத்தது. கரடியைப் பற்றிப் பொன்னுரங்கத்திடம் அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"அண்ணே, இப்ப ஆடுதா?"

"வெளிய வந்தா ஆடுது. அதனால வர்றதே இல்ல. நான் களிய வெச்சிட்டு முதுக காட்டிக்கினு நிக்கறன்."

அடுத்த ஆண்டு சான்றிதழ் கொடுக்க வெள்ளிமலையில் முகாம் போட்டார்கள். புதிய அதிகாரி ஒருவர் வேப்பமரத்தடியில் மேசை போட்டு, படிவங்களை ஆளுயரத்துக்கு அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமியம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு சட்டையோடும் செருப்போடும் வரிசையில் நின்றாள். முறை வந்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. பெயரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், பட்டா எண்ணைச் சரிபார்த்தார், கையெழுத்துப் போட்டார், முத்திரை குத்தினார், அடுத்தவரைக் கூப்பிட்டார். அரை நிமிஷம்தான். அவர் உச்சந்தலை வழுக்கையைத் தவிர சாமியம்மாள் எதையும் பார்க்கவில்லை. அவ்வளவு எளிதாக முடிகிற வேலை அது.

காகிதத்தை வாங்கிக்கொண்டு நகரும்போது ஆண்டாள் அவள் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"யம்மா. ஏம்மா ஆடற?"

"நானா?"

"வரிசையில நின்னதுலேர்ந்து ஆடிக்கினே இருக்கே. நிறுத்தும்மா, எல்லாரும் பாக்குறாங்க."

சாமியம்மாள் குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.