வாசலில் இறக்கிவிட்டவர்

பாத்திரக் கடையில் வருடக்கணக்காக மேற்பார்வையாளராக இருந்தவர், கடையை இழுத்து மூடியதும் வீட்டுச் சோபாவுக்கு மேற்பார்வையாளர் ஆனார். "நமக்கேத்த வேலை தானா வரும்" என்று டிவி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தார். எந்த வேலையும் தானாக வரவில்லை. மருந்துக் கடையில் கணக்கு எழுதிவிட்டு வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் விளம்பரங்களைத் துழாவிய மனைவிதான் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். பயணப் பெட்டிகளை இணையத்தில் விற்கும் நிறுவனத்துக்கு 'அஃபிலியேட் மார்க்கெட்டிங்' மேலாளர் தேவையாம்.

"அது என்ன கண்றாவி?" என்றார்.

"பெட்டியோட லிங்க்கை ஊர்ல இருக்கிறவங்க அவங்கவங்க இணையப் பக்கத்துல போடுவாங்க. அது வழியா வந்து யாராவது வாங்கினா, போட்டவங்களுக்குக் கமிஷன். அவங்களை எல்லாம் மேய்க்கணும். கடையில சேல்ஸ் பசங்களை மேய்ச்சீங்கல்ல, அதேதான்."

விண்ணப்பத்தை அவளே எழுதினாள். என்னென்ன கேட்பார்கள் என்று யோசித்துக் கேட்டு, அவர் உளறியதையெல்லாம் திருத்தி, மனப்பாடம் ஆகும்வரை விடவில்லை. நேர்காணலன்று காலை அவருடைய அக்கா வீட்டுக்காரர் காரில் வந்தார். அந்தப் பக்கம் அவருக்கு ஏதோ ஜோலி இருந்ததாம். அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, "தைரியமாப் போ மச்சான். உள்ளே நம்ம ஆள் இருக்கு, சொல்லிட்டேன்" என்றார். அந்த 'நம்ம ஆள்', வண்டி நிறுத்த இடம் காட்டும் காவலாளி.

வேலை கிடைத்தது. சாயங்காலத்துக்குள், வேலை வாங்கிக் கொடுத்தவர் அக்கா வீட்டுக்கார மாமாதான் என்று சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. மேலாளர் மறுத்துப் பேசவில்லை. பெண்டாட்டியால் கிடைத்த வேலை என்பதைவிட, கார் வைத்திருக்கிற மாமாவால் கிடைத்த வேலை என்பது கேட்க நன்றாக இருந்தது. மனைவிக்குச் சுருக்கென்றது.

"நான் பட்ட பாட்டை நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நமக்குள்ள என்ன கணக்கு?" என்றார் அவர், பெருந்தன்மையாக.

அலுவலகத்தில் முதலாளியம்மா சுற்றி வளைக்கவில்லை. "கமிஷன் மட்டும் ஏறிட்டே போகுது, விற்பனை நின்ன இடத்துலயே நிக்குது. யார் நிஜமா வித்துக் குடுக்கிறாங்க, யார் சும்மா வாங்கித் திங்கறாங்கன்னு கண்டுபிடிங்க. மூணு மாசத்துல முடியலைன்னா நீங்க வேற இடம் பார்த்துக்கலாம்."

முதல் மாதம் மேலாளர் செய்த ஒரே காரியம், தள்ளுபடிக் கூப்பன்களுக்கென்று ஒரு இணையப் பக்கம் நடத்தி அதிகக் கமிஷன் வாங்குகிற கூப்பன்காரருக்குப் பாராட்டுக் கடிதம் அனுப்பியதுதான். இன்னொரு பக்கம், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு பெண் பெட்டியை மாடிப்படியில் உருட்டியும், மழையில் நனைத்தும், மேலே ஏறி உட்கார்ந்தும் பார்த்து, விலாவாரியாக எழுதி, லிங்க்கோடு தன் பக்கத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கமிஷன் வந்ததே இல்லை. புகார் அனுப்பினாள். "எழுதினா போதுமா, விக்கத் தெரிய வேணாமா?" என்று ஒதுக்கிவிட்டார்.

கெடு நெருங்க நெருங்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி கணினியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இந்தப் பொண்ணு எழுதினதைப் படிச்சா எனக்கே பெட்டி வாங்கணும் போல இருக்கு. சரி, வாங்குறேன். பணம் கட்டுற இடத்துல 'கூப்பன் இருக்கா'ன்னு கேக்குது. உடனே என்ன பண்ணுவேன்? கூப்பன் தேடுவேன். இந்த ஆளோட பக்கம் வருது, அழுத்துறேன். கூப்பன் செல்லாதுங்குது. ஆனா நான் கடைசியா அழுத்தினது இவன் லிங்க். கடைசி லிங்க்குக்குத்தானே கமிஷன், அது இவனுக்கு!"

மேலாளர் வாயைப் பிளந்தார். மறுநாள் முதலாளியம்மாவிடம், "ராத்திரி பூரா யோசிச்சேன் மேடம்" என்று ஆரம்பித்தார். சரிபார்த்தார்கள், உண்மைதான். கூப்பன்காரர் வெளியே போனார். ஊர் சுற்றும் பெண்ணுக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. மேலாளரின் வேலை நிரந்தரமாயிற்று. கூடவே அவர்கள் விற்பதிலேயே உசத்தியான பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டார். எல்லாரும் பார்க்க, அந்தப் பெட்டியை மாமா முன்னால் உருட்டிக்கொண்டுவந்து நிறுத்தினார்.

"இந்த வேலைக்கே மாமாதான் காரணம்."

"இதெல்லாம் எதுக்கு மச்சான்?" என்ற மாமா, கைப்பிடியை இழுத்து, சக்கரத்தையும் சோதித்துப் பார்த்துக்கொண்டார்.

"அப்படி என்னடா சாதிச்சே?" என்று அக்கா கேட்டாள். மேலாளர் எழுந்து நின்றே விளக்கினார். "ஒருத்தி நாயா உழைக்கிறா அக்கா. இன்னொருத்தன் கடைசி நிமிஷத்துல வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, நான்தான் கூட்டிட்டு வந்தேன்ங்கிறான். இது திருட்டா இல்லையா?"

பரிமாறிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"என்னத்தைக் குடுக்கிறது? கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினோம்."

"ஓ. நம்ம வீட்டுலதான் பெட்டி குடுக்கிறோம் போல."

அக்காவுக்குப் புரைக்கேறியது. மாமா சீக்கிரமே கிளம்பினார். பெட்டியை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

கதவைச் சாத்திவிட்டு வந்து, "நீதான் வேலை வாங்கிக் குடுத்தே. காப்பாத்தினதும் நீதான்" என்றார் மேலாளர்.

"இதை என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அடுத்தவங்க இருக்கிறப்போ சொல்லுங்க."

"சொல்றேன். சத்தியமா சொல்றேன்."

அவள் அதை நம்பினாள். காலையில் அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

அன்று கூட்டத்தில் அலுவலகம் மொத்தமும் உட்கார்ந்திருந்தது. முதலாளியம்மா கேட்டார்: "இவ்வளவு நாள் எங்க யாருக்குமே தோணாதது உங்களுக்கு மட்டும் எப்படித் தோணுச்சு?"

மேலாளர் எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள்.

"எல்லாம் அனுபவம்தான் மேடம்" என்றார்.