சால்வீன் ஆற்றில் மகள் போட்ட கோடு

வெள்ளிக்கிழமை மாலை ஜூரோங்கிலிருந்து வீடு திரும்பும் ரயிலில், கிராஞ்சி வந்ததும் ராணுவ உடுப்புப் போட்ட பையன்கள் ஏறுவார்கள். தேசிய சேவையில் இருக்கும் பிள்ளைகள், வார இறுதிக்கு அம்மா கையால் சாப்பிடப் போகிறவர்கள். காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்த மறு நிமிடம் தூங்கிவிடுவார்கள். நான் இந்த ஊருக்கு வந்து பதினாறு வருடம் ஆகிறது. இன்னமும் பச்சை உடுப்பைக் கண்டால் என் முதுகு விறைக்கிறது, கை தானாகச் சட்டைப் பையில் அடையாள அட்டையைத் தேடுகிறது. வந்த புதிதில் ஒரு பையன் ஏறியதும் பதறி எழுந்து இடம் விட்டேன். அவன் கூச்சப்பட்டு, "நோ நோ, அங்கிள் சிட் லா" என்றான். நான் மரியாதை செய்கிறேன் என்று நினைத்திருப்பான். அது மரியாதை இல்லை, பயம். அதை அவனுக்கு எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல், நான் இறங்கும் ஈசூன் வரை இருவருமே நின்றுகொண்டு வந்தோம்.

நான் பர்மாத் தமிழன். இங்கே இதைப் புரியவைப்பதற்குள் வாய் வலித்துவிடும். தேக்கா சந்தையில் நான் வழக்கமாகக் காய்கறி வாங்கும் கடைக்காரர் தமிழ்நாட்டுக்காரர். "ஊர்ல எந்தப் பக்கம்ணே?" என்று கேட்டார். பர்மா என்றேன். "அது சரி, சொந்த ஊரு?" என்றார். பர்மாதான் என்றேன். "வேலைக்குப் போயிருந்தீங்களா?" என்றார். அடுத்த வாரமும் அதே கேள்வி வந்தபோது, தஞ்சாவூர்ப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். என் கொள்ளுத்தாத்தா கப்பல் ஏறிய ஊர் அது. நான் பார்த்ததே இல்லை. கடைக்காரர் முகம் மலர்ந்து ஒரு கொத்துக் கறிவேப்பிலையைச் சும்மா கொடுத்தார். பொய்க்குக் கிடைத்த கறிவேப்பிலை என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் உறுத்தியது.

என் ஊர் சால்வீன் ஆற்றின் கிழக்குக் கரையில், மோல்மேன் நகரத்துக்கு மேலே இருக்கிறது. நாற்பது தமிழ்க் குடும்பங்கள், ஒரு சின்ன மாதா கோவில். அக்கா எலிசபெத் இன்னும் அங்கேதான் இருக்கிறாள். அத்தான் காலமான பிறகு அவளும் மகன் சேவியரும் மட்டும். நான் ஆறாவது படிக்கும்போது அப்பாவை மிலிட்டரிக்காரர்கள் சுமை தூக்கப் பிடித்துக்கொண்டு போனார்கள். மழைக்காலம் முடிந்துதான் திரும்பி வந்தார். தோளில் தோல் இல்லை. எங்கே போனார், என்ன தூக்கினார் என்று சாகும்வரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது அங்கே மறுபடியும் சண்டை மூண்டிருக்கிறது. அக்கா போனை எடுக்க நேரமானால் எனக்கு அந்தத் தோள்தான் ஞாபகம் வருகிறது.

இந்த நிலைமையில்தான் என் மகள் ஸ்டெல்லாவின் பள்ளிக்குத் தமிழ் விவாதப் போட்டி வந்தது. ஸ்டெல்லாவுக்குப் பதினைந்து வயது, ஈசூனில் பிறந்து ஈசூனில் வளர்கிறவள். தலைப்பு இது: 'போரில் சிதைந்த நாட்டை உலக நாடுகள் தலையிட்டுப் பிரித்துவைப்பதே அமைதிக்கு வழி.' எந்த நாடு என்று அதில் இல்லை. அதை அவளே தேர்ந்தெடுத்தாள். "பர்மாதான்ப்பா. நீங்க இருக்கீங்க, ரிசர்ச் ஈஸி" என்றாள். ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வார்கள். முதல் சுற்றுக்கு ஒட்டிப் பேசும் அணி விழுந்திருந்தது.

பர்மா வரைபடத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்பு மார்க்கரால் சால்வீன் ஆற்றின் மேலேயே அழுத்தி ஒரு கோடு போட்டாள். அவள் அத்தையின் வீடு கோட்டிலிருந்து ஒரு அரிசி மணி தூரம்கூட இல்லை.

"என்னம்மா இது, நாட்டை இப்படி வெட்டுறே?"

"டிபேட்தான்ப்பா. நான் இதை நம்பணும்னு இல்ல. ஜட்ஜ் நம்பினா போதும்."

பயிற்சியில் எனக்கு மணியடிக்கிற வேலை. கடைசி நிமிடம் வந்ததும் டம்ளரில் கரண்டியால் ஒரு தட்டு, நேரம் முடிந்ததும் இரண்டு தட்டு. இந்த ஊரில் வெளிநாட்டு அரசியலை நாலு பேர் கூட்டம் கூடிப் பேச முடியாது. வேலைக்கு வந்த எங்கள் ஆட்கள் காப்பிக்கடையில்கூடக் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். என் மகள் மட்டும் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, சுத்தமான மேடைத் தமிழில், எங்கள் நாட்டை உரக்கப் பிரித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு ஹோம்வொர்க், உங்களுக்கு ஹார்ட் அட்டாக்கா?" என்று என் மனைவி கிளாரா கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அக்காவின் அழைப்பு வந்தது. சிக்னலுக்காகக் குன்றின் மேல் ஏறி நின்று பேசினாள். மூச்சு வாங்கியது.

"தம்பி, நாட்டைப் பிரிச்சிருவாங்கன்னு பேசிக்கிறாங்க. வெளிநாட்டுக்காரங்க வந்து ஆத்துல கோடு போடப் போறாங்களாம். நாங்க இங்கயே இருக்கவா, தாண்டி மேக்குக் கரைக்குப் போகவா? சேவியருக்குப் பத்தொம்பது ஆயிருச்சுடா. மிலிட்டரி, போராளிங்க, ரெண்டு தரப்பும் படைக்கு ஆள் எடுக்க வீடு வீடா வந்து பையன்கள எண்ணிட்டுப் போறாங்க."

"எனக்கு எப்படிக்கா தெரியும்?"

"நீ சிங்கப்பூர்ல இருக்க. உனக்குத் தெரியாம இருக்குமா? யோசிச்சுச் சொல்லு. படகுக்காரன் புதன்கிழமை வரைக்கும்தான் இருப்பானாம்."

நான் ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் சாரம் பரிசோதிக்கிறவன். எந்தக் கம்பி தாங்கும், எந்தக் கம்பி தாங்காது என்று தட்டிப் பார்த்துச் சொல்வேன். நாட்டைத் தட்டிப் பார்க்க எனக்குத் தெரியாது. ஆனால் அக்கா கண்ணுக்கு நான் உலகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவன். தெரியாது என்று இன்னொரு தரம் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மோசேயைக் கேட்டேன். மோசே, பர்மாவில் தங்களுக்கென்று தனி நிலம் கேட்டுப் போராடும் கரேன் இனத்தவன், பட்டறையில் வெல்டர், என் நண்பன். நாங்கள் பர்மிய மொழியில் பேசிக்கொள்வோம்.

"வெளிநாட்டான் வரட்டும், கோடு போடட்டும்" என்றான் மோசே. "என் கிராமத்தை மிலிட்டரிக்காரர்கள் மூன்று தடவை எரித்தார்கள். உனக்கு அது கோடு. எனக்கு அது வீட்டுச் சுவர்."

"அந்தச் சுவருக்குள் நாங்கள் எங்கே இருப்பது?"

"எங்கள் பக்கம் வந்துவிடுங்கள்."

"வந்தால் நாங்கள் யார்?"

அவன் யோக்கியமான மனிதன், வாய்க்கு வந்ததைச் சொல்லமாட்டான். தன் பொரித்த மீனில் பாதியை என் சோற்றில் வைத்தான். அவன் கேட்பது நியாயம் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு நியாயமான கோடு அக்காவின் வாசலில் விழும் என்பதும் தெரியும். இன்னொன்றையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். வெளிநாட்டு விமானம் ஏதாவது வந்து இதை ஒரே நாளில் முடித்துவைக்காதா என்று நானும் ஏங்கியிருக்கிறேன். உடனே, விமானத்துக்குக் கீழே அக்கா நிற்பாளே என்று தோன்றும். ஏங்கியது வெட்கமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை மாலை ஸ்டெல்லா முழு உரையையும் பேசிக் காட்டினாள். "நடுவர் அவர்களே! அடித்துக்கொள்ளும் இருவரை விலக்கி நிறுத்துவது பகையன்று, பரிவு. சால்வீன் ஆறு இயற்கையே இட்ட எல்லை. அதன் மேற்குக் கரையை வந்தடையும் மக்களுக்கு அமைதிப்படை அரணாக நிற்கும். அங்கே ஒரு தாய் தன் மகனை அச்சமின்றி வளர்க்கலாம்."

அவள் குரலில் துளிச் சந்தேகம் இல்லை. இத்தனை நாளில் அந்த ஆற்றைப் பற்றி இவ்வளவு தைரியமாக ஒருவரும் என்னிடம் பேசியதில்லை. டம்ளரில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கரண்டியைக் கீழே வைக்காமலே அக்காவுக்கு எழுதினேன்: 'மேற்குக் கரைக்குப் போயிடுங்க. அங்கே பாதுகாப்பு வரும்.' யாரையோ விசாரித்துத் தெரிந்துகொண்டவன் மாதிரி எழுதினேன். அக்கா திரும்பக் கேள்வி கேட்கவில்லை. 'சரி தம்பி' என்று மட்டும் வந்தது. அதன் பிறகு மூன்று நாள் ஒன்றும் வரவில்லை.

போட்டி சனிக்கிழமை. முதல் சுற்றில் ஸ்டெல்லாவின் அணி ஜெயித்தது. மதியம் இறுதிச் சுற்று. அதே தலைப்பு, மறுபடியும் குலுக்கல். இந்தத் தடவை வெட்டிப் பேசும் அணி விழுந்தது. அதற்கும் பள்ளியில் தயார் செய்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் நான் கேட்டது ஒரு பக்கம் மட்டும்தான்.

"நடுவர் அவர்களே!" என்று ஆரம்பித்தாள். காலையில் கேட்ட அதே குரல். "வரைபடத்தில் கோடு போட ஒரு விநாடி போதும். அந்தக் கோட்டைக் காக்க எந்த நாடு தன் பிள்ளைகளை அனுப்பும்? அமைதிப்படை வராது, வந்தாலும் தங்காது. கோட்டை நம்பிக் கரை கடந்து வருகிறவர்கள்தாம் முதலில் சிக்குவார்கள். அவர்களுக்கு அங்கே வீடில்லை, உறவில்லை, கேட்க ஆளில்லை. பெயரைப் பதிவு செய்யச் சொல்வார்கள். இளைஞர்களைக் கணக்கெடுப்பார்கள். அந்தத் தாய் தன் மகனைத் தானே கூட்டிவந்து ஒப்படைத்தவள் ஆவாள்."

அரங்கம் கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த ஆசிரியை, "உங்க பொண்ணா? ரொம்ப ப்ரௌடா இருக்கும்ல? கண்ணெல்லாம் கலங்கிடுச்சு பாருங்க" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவருக்கு என்னத்தைச் சொல்வது? அப்போதுதான் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது.

'நீ சொன்ன மாதிரியே வந்து சேந்துட்டோம் தம்பி. பள்ளிக்கூடத்துல தங்க வச்சிருக்காங்க. பேர் பதியச் சொன்னாங்க. சேவியர் பேரையும் குடுத்துட்டேன்.'

கூடவே ஒரு படம். பழுப்பு நிற ஆறு, அதற்கு அப்பால் எங்கள் மாதா கோவிலின் கூம்பு, கடுகளவில்.

ஸ்டெல்லா கோப்பையோடு இறங்கி ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்து நின்றாள். போனை அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள், மேலே தள்ளி நான் செவ்வாய்க்கிழமை எழுதியதையும் வாசித்தாள்.

"அப்பா... அத்தைகிட்ட நான் பேசினதையா சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"எந்த ரவுண்டு?"

"முதல் ரவுண்டு."

அவள் கோப்பையை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். குற்றம் அவளுடையது இல்லை என்று அப்போதே சொன்னேன், இன்றும் சொல்கிறேன். அவளுக்கு அது விவாதம் என்று தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை.

சிவப்பு மார்க்கர் தாளைத் தாண்டி மேசையில் ஊறியிருக்கிறது. கிளாரா சோப்பு, எலுமிச்சை, நெயில் பாலிஷ் நீக்குகிற தண்ணீர் எல்லாம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டாள், போகவில்லை. மேசைக்குக் குறுக்கே கோணலாக ஓடுகிறது கோடு. ஸ்டெல்லா தன் தட்டை அதில் படாமல் தள்ளி வைத்துக்கொள்கிறாள். நான் கோட்டின் மேலேயே வைத்துச் சாப்பிடுகிறேன். தட்டுக்குப் பக்கத்தில் போன் இருக்கிறது. அக்கா இன்று காலை அனுப்பியது அதில் அப்படியே திறந்திருக்கிறது: 'சேவியரை நாளைக்குப் படை முகாமுக்கு வரச் சொல்லியிருக்காங்க. அனுப்பவா, இல்ல திரும்ப ஆத்தைத் தாண்டவா? நீ சொல்லு தம்பி, உனக்குத்தான் தெரியும்.'