பாட்டு நம்பர் மாமா

ஒரு குரலைக் கழுத்தைப் பிடித்து நெரிக்க முடியுமானால் அந்தக் குரலை நான் நெரித்திருப்பேன். என்ன செய்வது, அதற்குக் கழுத்து இல்லை. என் தங்கச்சியின் செல்போனுக்குள் இருந்து அது வந்தது. நல்ல பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பல்லவி முடிந்து, பாடுகிறவள் மூச்சை இழுத்துச் சரணத்தைத் தொடங்கப் போவாள். டப்பென்று பாட்டை வெட்டிவிட்டு, "செல்லம், எங்க இருக்கே? உன்கூடப் பேசணும்னு எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கேன் தெரியுமா?" என்று ஒருத்தன் வழிவான்.

விருத்தாசலத்தில் எல்லார் கையிலும் செல்போன் ஏறிவிட்ட புதிது. பாட்டை ஏற்றி வைத்துக் கேட்கிற போன் வசதியானவர்களிடம்தான் இருந்தது. எங்களிடம் இருந்தது பேச மட்டும் ஆகிற போன். அதில் ஒரு நம்பரைப் போட்டால் கம்பெனிக்காரனே பாட்டுப் போடுவான். ஒன்று முடிந்தால் அடுத்தது வரும். இலவசம். ஆனால் இலவசத்துக்குத் தண்டனையாக இந்த விளம்பரத்தைக் கேட்டுத் தொலைக்க வேண்டும். கொஞ்சிக் குழைந்து முடித்ததும், "நண்பருடன் பேச எண் ஒன்றை அழுத்தவும்" என்பான். தனியாக இருப்பவர்களுக்குப் பேச்சுத் துணை தருகிற சேவையாம். தங்கச்சி சிம் வாங்கும்போது கொடுத்த அடையாள அட்டை ஜெராக்ஸில் பெண் என்று இருந்ததால் அவளுக்கு ஆண் குரல். எங்களோடு பீங்கான் சூளையில் வேலை பார்க்கிற ஆட்களின் போனில் அதே வார்த்தைகளை ஒரு பெண் கொஞ்சுவாள்.

நானும் தங்கச்சியும் பீங்கான் பேட்டையில் ஃபியூஸ் கட்டை செய்கிற யூனிட்டில் ஒரே கொட்டகையில் வேலை பார்த்தோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைக் கட்டைகள் பலகையில் வரும். ஈர ஸ்பாஞ்சால் ஓரத்துப் பிசிறைத் துடைத்து, பால் மாதிரி இருக்கிற பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்து அடுக்க வேண்டும். நாள் முழுக்கக் கை சேற்றில். அந்தக் கையோடு போனைத் தொட்டால் போன் செத்தது. அதனால் காலையில் வந்ததும் பாட்டு நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரைத் திறந்து, போனை பாலிதீன் கவரில் கட்டித் தூணில் இருந்த ஆணியில் மாட்டிவிடுவோம். அதன் பிறகு எந்தப் பாட்டு வந்தாலும் அதுதான். அந்தக் கடங்காரன் வந்து கொஞ்சினாலும் எழுந்து போய் வாயை அடைக்க ஒருத்திக்கும் கை சுத்தமாக இருக்காது.

ஒருமுறை வெறுத்துப்போய் கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று சொல்லி, அங்கேயும் பாட்டுப் போட்டார்கள். காத்திருந்து காத்திருந்து ஒரு பெண் வந்தாள். "ஏம்மா, அந்த ஆள நிறுத்துங்க, பாட்டக் கேக்க முடியல" என்றேன். "விளம்பரம் இல்லாத சேவை வேண்டுமென்றால் நட்சத்திரக் குறியை அழுத்தி எண் ஐந்தை அழுத்துங்கள் மேடம், மாதக் கட்டணம் உண்டு" என்றாள். ஒருத்தனை ஏவிவிட்டு நம்மைச் சீண்ட வைத்து, அவனை விரட்டக் காசு கேட்கிறாள். எனக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவனை நிறுத்த முடியாது என்றானதும் கொட்டகைப் பெண்கள் அவனுக்கு மாமா என்று பேர் வைத்தார்கள். தூணுக்குப் பக்கத்தில் யார் உட்காருகிறாளோ அன்றைக்கு அவள்தான் மாமாவுக்குப் பொண்டாட்டி. அவன் வாயைத் திறந்தால் அவள்தான் பதில் சொல்ல வேண்டும். அப்படி ஒரு வழக்கமே ஆகிப்போனது. பேரன் எடுத்த ஒரு அக்கா, "இரு மாமா, சோறு வடிச்சிட்டு வரன்" என்பாள். என் முறை வந்தால் செருப்பு பிய்ந்துவிடும் என்பேன். கொட்டகையே குலுங்கும்.

தங்கச்சி புருஷன் சேத்தியாத்தோப்பு பக்கம் கரும்பு லோடு அடிக்கிற டிராக்டர் டிரைவர். கல்யாணமான புதிதிலேயே கை நீட்டியவன். குழம்பில் உப்பு இல்லை என்று ஒருமுறை, அம்மா வீட்டுக்குப் போய்விட்டு லேட்டாக வந்தாள் என்று ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அம்மா, "ஆம்பள, கோவத்துல அடிச்சிட்டாரு, நீதான் பொறுத்துப் போவணும்" என்று சொல்லி அவளைத் திரும்ப பஸ் ஏற்றிவிடுவாள். எனக்கு வயிறு எரியும். ஆனால் அம்மா சொல்லைத் தட்டுகிற தைரியம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது.

ஒருநாள் மத்தியானம் அவன் வீட்டுச் சாவி வாங்கிப் போக யூனிட்டுக்கு வந்தான். ஆஸ்பெஸ்டாஸ் தட்டிக்கு அந்தப் பக்கம் அவன் நிற்பது எங்களுக்குத் தெரியாது. தூணுக்குப் பக்கத்தில் தங்கச்சி. பாட்டு அறுந்தது. "செல்லம், உன் நினைப்பாவே இருக்கு. எப்ப பேசலாம்?" என்றது போன்.

"எங்க வூட்டுக்காரரு கரும்பு லோடுக்குப் போனதும் வா மாமா, கதவத் தொறந்து வெக்கிறன்" என்றாள் தங்கச்சி. எல்லோரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை, அவன் உள்ளே வந்துவிட்டான். வந்த வேகத்தில் பலகைகள் சரிந்தன. காலையிலிருந்து துடைத்து அடுக்கிய பச்சைக் கட்டைகளை மிதித்துக் கூழாக்கிக்கொண்டு நேரே அவளிடம் போனான். உட்கார்ந்திருந்தவளின் கொண்டையைப் பிடித்துத் தூக்கி, இடது காதோடு சேர்த்து ஒரு அறை. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் தொட்டிமேல் விழுந்தாள். முகமெல்லாம் பூச்சு வெள்ளை. விழுந்தவளை இடுப்பில் உதைத்தான்.

"எவன்டி அவன்? எத்தினி நாளா நடக்குது?"

"மெஷினுங்க, அது மெஷினு" என்று அவள் கத்தினாள். அவன் எங்கே காதில் வாங்கினான். ஆணியிலிருந்து போனைப் பிடுங்கி, கவரைக் கிழித்து, "எவன்டா நீ? ஆம்பளன்னா பேசுடா" என்று அதில் கத்தினான். அதற்குள் அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. "பாட்டப் போட்டு மறைக்கிறியா?" என்று எல்லாப் பொத்தானையும் கட்டைவிரலால் குத்து குத்தென்று குத்தினான். பிறகு சுவரில் வீசினான். போன் காய்ந்த மண் மூட்டைமேல் விழுந்து பிழைத்தது. அவன் மறுபடியும் அவளிடம் திரும்பினான்.

என் பக்கத்துக் கூடையில் சுட்டு இறக்கிய கட்டைகள் இருந்தன. ஒன்றை எடுத்து எறிந்தேன். நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியதும்தான் நின்றான். அடுத்ததையும் எடுத்திருந்தேன். சூளை ஆட்கள் ஓடி வந்து அவனை இழுத்துப் போனார்கள். இன்றுவரை அதற்கு நான் வருத்தப்பட்டதில்லை. குறி இன்னும் கொஞ்சம் கீழே பட்டிருக்கலாம் என்று நினைத்ததுண்டு.

தங்கச்சிக்கு இடது காதின் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தோம். அவனோ தெருத் தெருவாக, டீக்கடை டீக்கடையாக, தலைக்கட்டோடு உட்கார்ந்து கதை சொன்னான். அவனே காதால் கேட்டானாம். மாமா என்று கூப்பிட்டாளாம். கதவைத் திறந்து வைக்கிறேன் என்றாளாம். எல்லாம் உண்மைதானே, அதுதான் கொடுமை. கொட்டகைப் பெண்கள் போய்ச் சொன்னதற்கு, "நீங்களும் கூட்டுதான" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் இரண்டு பக்கத்தையும் தன் பங்களாவுக்குக் கூப்பிட்டார். அவள் மறுபடி அந்த வீட்டுக்குப் போவதா, இல்லை எவனோடோ பேசினவள் என்ற பேரைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டில் இருப்பதா? அதைத் தீர்க்கத்தான் அந்தக் கூட்டம். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தங்கச்சி வலது காது சாமியார் பக்கம் இருக்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"மெஷினுன்னா போட்டுக் காட்டு" என்றார் சாமியார். நான் தங்கச்சி போனில் பாட்டு நம்பரைப் போட்டு மேசைமேல் வைத்தேன். சிலுவைக்கு முன்னால் ஒரு காதல் பாட்டு ஓடியது. சாமியார் கண்ணை மூடிக்கொண்டார். அது முடிந்து இன்னொன்று. அதுவும் முடிந்து இன்னொன்று, முக்கலும் முனகலுமாக. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். மாமா வரவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று நாங்கள் சபித்த நாளெல்லாம் தவறாமல் வந்தவன், வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வா என்று ஏங்கியபோது வரவில்லை. எனக்கு அந்த மேசையைக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

"பாத்தீங்களா சாமி? ஆளு உஷாராயிட்டான்" என்றான் தங்கச்சி புருஷன்.

லைனைத் துண்டித்து மறுபடி போட்டேன். பாட்டுக்கு முன்னால் ஒரு குரல் வருமே, அதை முதல்முறை யாரும் கவனிக்கவில்லை. இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். "விளம்பரம் இல்லாத சேவையைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி." எனக்குப் புரிந்துவிட்டது. அன்று கொட்டகையில் கண் மண் தெரியாமல் குத்தினானே, அதில் நட்சத்திரமும் ஐந்தும் வாகாக விழுந்திருக்கின்றன. மாமாவைத் தேடிக் குத்திய குத்தில் இவனே மாமாவை விரட்டிவிட்டான்.

நான் இதைச் சொன்னதும் அவன் கைகொட்டிச் சிரித்தான். "நல்லாக் கதை கட்றாங்க சாமி." அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "சாமி, உங்க போனு என்னா கம்பெனி?" என்று கேட்டேன். அதே கம்பெனி. வேண்டா வெறுப்பாகக் கொடுத்தார். போட்டேன். ஒரு பாட்டு. இன்னொரு பாட்டு. பாதியில் அறுந்தது.

"செல்லம், எங்க இருக்கே? உன்கூடப் பேசணும்னு எவ்வளவு நேரமா காத்துட்டிருக்கேன் தெரியுமா?" தேனொழுகும் பெண் குரல், சாமியார் மேசைமேல் இருந்து.

சாமியார் போனை அப்படியே அங்கிப் பைக்குள் திணித்தார். பைக்குள் இருந்தும் அவள் எண் ஒன்றை அழுத்தச் சொன்னாள். கதவோரம் நின்றிருந்த, கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சாமியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் தங்கச்சி புருஷன்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். காதைக் கிழித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். என் கை கூடையைத் தேடியது. அங்கே கூடை ஏது.

"சரி, மெஷினுதான். விஷயம் முடிஞ்சிது. கூட்டிட்டுப் போப்பா, இனிமே கை நீட்டாத" என்றார் சாமியார்.

"எந்திரி, வூட்டுக்குப் போவலாம்" என்றான் அவன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தங்கச்சி எழுந்திருக்கவில்லை. "என்னா முடிஞ்சிது சாமி?" என்று கேட்டாள். ஒரு காது அடைத்தவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு மேல் சத்தமாக. "மெஷினுங்கிறதால அடிச்சது தப்பு. ஆளா இருந்தா அடிச்சது சரி. அப்படித்தான?"

சாமியார் அங்கிப் பைக்குள் கையை விட்டுப் போனை அணைத்தார்.

"நாளைக்கு நெசமாவே எவனாச்சும் என்னைப் பாத்து சிரிச்சி வெச்சான்னா, அப்ப எந்த மெஷினு வந்து எனக்கு சாட்சி சொல்லும்? நான் போவல சாமி."

"திமிரப் பாத்தீங்களா?" என்றான் அவன். சொல்லும்போதே கை ஓங்கிவிட்டது. சாமியார் எதிரில், சிலுவைக்குக் கீழே, ஒரு நிமிஷத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டிருந்த அதே ஆள்.

நான் எழுவதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். பொறுத்துப் போ, பொறுத்துப் போ என்று அவளை பஸ் ஏற்றி அனுப்பிய அம்மா. அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து, கிணற்றுக் கயிற்றை இழுக்கிற மாதிரி கீழே இழுத்தாள். பிடியை விடவில்லை.

எங்கள் அம்மா வாசலுக்கு வந்த பிச்சைக்காரரைக்கூட, சண்டை போட்டுவிட்டுப் போகிற பக்கத்து வீட்டுக்காரியைக்கூட, போயிட்டு வாங்க என்று சொல்லித்தான் அனுப்புவாள். வெறுமனே போ என்பது சாவு வீட்டில்கூட அவள் வாயில் வராது.

"போங்க மாப்புள" என்றாள். அவன் இன்னும் ஏதாவது சொல்வாளா என்று நின்று பார்த்தான். அம்மா அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.