சவுரிமுத்துவுக்கு ஒட்டிய அஞ்சலி

பீர்க்கன்கரணை ஏரிக்கரைத் தெருக்களில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர் கொத்தனார் சவுரிமுத்து. பந்தல் போடச் சொல்வார். பாடையோ சவப்பெட்டியோ, தோள் கொடுப்பார். எண்பத்தாறில் வார்டு கவுன்சிலராக அவர் ஜெயித்தது அதனால்தான்.

தொண்ணூற்றாறில் மறுபடி தேர்தல் வந்தது. ஓட்டுப்பதிவுக்கு முந்தின வாரம், பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்துச் சுவர் முழுக்கக் 'கண்ணீர் அஞ்சலி' சுவரொட்டி. அதில் சவுரிமுத்துவின் சிரித்த முகம். ஒட்டியது யார் என்று போடவில்லை.

தங்கை வீட்டுக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் வந்த மனைவி ஞானம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். மார்பில் அடித்துக்கொண்டு வீடுவரை அழுதபடியே நடந்தாள். உள்ளே சவுரிமுத்து சோறு தின்றுகொண்டிருந்தார். அவரைக் கண்டதும்தான் அலறினாள்.

அவர் நேராக எதிர்வேட்பாளர் துரைராஜ் வீட்டுக்குப் போனார்.

"இன்னா வேல இது, துரைராஜு?"

துரைராஜ் எழுந்து நின்றார். "எம் புள்ளைங்க மேல சத்தியமா நா பண்ல அண்ணா. அத்தப் பாத்துட்டு உன் வூட்டுக்குத்தான் கெளம்பினு இருந்தேன்."

மேசைமேல் வாழையிலையில் ஒரு ரோஜா மாலை இருந்தது.

சுவரொட்டிகளைக் கிழித்துப்போட்டார்கள். மறுநாள் காலை ஏரிக்கரைச் சுவர்களிலும் அதே முகம். பசை காயவில்லை. ஒட்டினவனை யாரும் பார்க்கவில்லை.

சவுரிமுத்து ஜெயித்தார். முன்பைவிட அதிக ஓட்டு. நன்றி சொல்லத் தெருத்தெருவாகப் போனபோது, ஏரிக்கரைத் தெருக் கன்னியம்மா வாசற்படியிலேயே மறித்து நின்றாள்.

"உனுக்குத்தான் போட்டேன் தம்பி. நல்ல மனுசன் பூட்டானேன்னு மனசு கேக்கல."

"இதோ உம்முன்னாடி நிக்கறேனே, அக்கா!"

"தெரியுது. வூட்டுக்குள்ள மட்டும் வராத."

அதற்குப் பிறகு எல்லாரும் அப்படித்தான் ஆனார்கள். மனு கொடுத்தவர்கள் மேசையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். ஒரு சாவு வீட்டுக்குள் அவர் நுழைந்ததும் ஒப்பாரி சட்டென்று நின்றது. பெண்கள் அவரையும் கிடத்தியிருந்த பிணத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் வெளியே வந்தபின்தான் மறுபடி அழத் தொடங்கினார்கள்.

தொண்ணூற்றெட்டில் பதவியை விட்டுவிட்டு, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் வாடகைக்கு வீடு பார்த்தார். சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியபோது தெருவே வாசலில் வந்து நின்றது. ஆண்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்கள். போய் வாருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

புது வீட்டில் முதல் வாரமே குழாயடியில் தகராறு. பக்கத்து வீட்டுக்காரன் சவுரிமுத்துவின் சட்டையைப் பிடித்து, "யார்யா நீ, நேத்து வந்துட்டு சட்டம் பேசற?" என்று உலுக்கினான்.  சவுரிமுத்து அந்தக் கையை விலக்கவில்லை.

"ரெண்டு வருசம் கழிச்சு அன்னிக்குத்தான் அந்த மனுசன் ரெண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்ட்டாரு" என்று பிறகு தங்கையிடம் சொன்னாள் ஞானம்மாள்.